கை எழும்பாத மெஷின்

அந்த மெஷினில் எல்லாமே வேலை செய்தன, வேலை செய்ய வேண்டியதைத் தவிர. பிளக்கைச் சொருகினால் விளக்குகள் எரியும். மணி அடிக்கும். பின்பலகையில் வரைந்திருந்த வெள்ளைக்காரப் பெண் பல்லைக் காட்டிக்கொண்டு பளிச்சென்று தெரிவாள். ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, அங்கே இங்கே முட்டி, எண்களை ஏற்றிவிட்டுச் சரிவில் உருண்டு வரும். வருகிற குண்டைத் திருப்பி மேலே அடிப்பதற்குத்தான் கீழே இரண்டு பக்கமும் விரல் நீளத்தில் இரண்டு கட்டைகள். பெட்டியின் விலாவில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் அவை துள்ளி எழ வேண்டும். ஃபிளிப்பர் என்று பெயராம். எங்கள் கோவில் தெருவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை, கை என்றோம். அந்த இரண்டு கையும் எழும்பவில்லை. குண்டு நடுவில் நேராக இறங்கிக் குழிக்குள் போய்விடும். இழவு, அதற்கு ஒரு பெட்டியும் விளக்கும் எதற்கு?

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாந்தோமில் பெரிய கோவிலைத் தாண்டித் தெற்கே, மணலை ஒட்டி எங்கள் சின்ன மாதா கோவில். துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் வெள்ளைக்கார எஞ்சினியர், ஊருக்குத் திரும்பும்போது இந்தப் பின்பால் மெஷினைக் கோவிலுக்குத் தானமாகத் தந்துவிட்டுப் போனான். நல்லதைத் தானம் செய்கிறவர்கள் குறைவு. கோவிலை ஒட்டிய கூடத்தில் அதை இறக்கி வைத்தார்கள். திருவிழா அன்று வாலிபப் பிள்ளைகள் காசு போட்டு ஆடட்டும், கூரைக்கு ஓடு மாற்ற ஆகும் என்று எங்கள் பங்குச் சாமியார் நினைத்தார்.

என்னைக் கூப்பிட்டு விட்டார். யுத்தத்தில் நான் வயர்லெஸ் பிரிவில் இருந்தவன். திரும்பி வந்து பாண்டி பஜாரில் ஒரு ரேடியோ கடையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். சாமியார் தெற்கத்திக்காரர், பிரசங்கத்தில் பேசுவதுபோலவேதான் வீட்டிலும் பேசுவார்.

"தம்பி, கோவில், பள்ளிக்கூடம், அநாதைப் பிள்ளைகள் விடுதி, மூன்றுக்கும் கரண்ட் வேலைக்கு நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும். நாலு பேர் கேட்கிறார்கள். திருவிழாவுக்குள் நீ இதை எழுப்பிவிடு. வேலை உனக்கு."

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த என் அம்மா துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். கோவிலையும் கூடத்தையும் பெருக்கித் துடைப்பது அவள் வேலை, சாவியும் அவள் முந்தானையில்தான் இருக்கும். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் எனக்கு அந்த வேலை வேண்டாம்.

இதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் விளங்கும். பட்டாளத்தில் என்னோடு இருந்தவன் ஒருவன் சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியனாக ஏறியிருந்தான். உதவியாளுக்கு இடம் இருக்கிறது, வந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தான். எனக்குப் போக வேண்டும். ஏன் என்று கேட்டால் சரியான பதில் கிடையாது. பாண்டி பஜாரில் முதுகைக் குனிந்து வால்வு மாற்றும்போதெல்லாம் மூச்சு முட்டியது. அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் பதில் தயாராக இருந்தது. என் அப்பா ரங்கூனுக்கு வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். அப்பா வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை. தாலியைக் கழற்றுவதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் அதைச் சட்டைக்குள் மறைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் நான் பட்டாளம் போனேன். அந்த வருஷங்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"ஒரு தடவ ரங்கூனு, ஒரு தடவ பட்டாளம். மூணாவது தடவ வேணாம் நைனா," என்றாள் கப்பல் பேச்சை எடுத்தபோது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கடைசியில் ஒப்பந்தம் ஒன்று போட்டாள். "சாமியாரு வேல குடுத்தா நீ இங்கியே இருக்கணும். குடுக்கலன்னா நான் தடுக்க மாட்டேன். மாதா மேல ஆண." நானும் சரி என்றேன். ஆக, நான் போவதும் இருப்பதும் அந்த இரண்டு கட்டைக் கைகளில் தொங்கியது.

ஆனால் ஒன்று சொல்வேன். வேலை வேண்டாம் என்பதற்காக நான் வேலையைக் கெடுக்கவில்லை. பழுதான சாமான் எதிரே இருந்தால் என் கை சும்மா இருக்காது. அது வியாதி. சாயங்காலம் கடை முடிந்ததும் சைக்கிளை மிதித்து நேரே கூடத்துக்கு வந்துவிடுவேன்.

மேல் கண்ணாடியை உருவிவிட்டு, குண்டு ஓடும் பலகையைத் தூக்கி ஒரு குச்சியை முட்டுக்கொடுத்தால் மெஷினின் வயிறு தெரியும். அது அமெரிக்கச் சரக்கு, நம் ஊர் கரண்டில் பாதிதான் அதற்கு ஆகும். மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிறவனிடம் கரண்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பிடித்து வந்திருந்தேன். முதல் சந்தேகம் அதன் மேல். டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஃபியூஸ் போயிருந்தது, மாற்றினேன். கைகள் அசையவில்லை. பொத்தானிலிருந்து வரும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன், எங்கும் அறுபடவில்லை. ஒவ்வொரு கைக்கும் அடியில் செம்புக் கம்பி சுற்றிய காயில் ஒன்று இருக்கும். பொத்தானை அமுக்கினால் காயில் காந்தமாகி இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும், தண்டு கையை எழுப்பும். காயிலும் நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் மாட்டியது சுவிட்ச். இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுகள், நுனியில் மிளகளவு பொட்டு. பொட்டும் பொட்டும் தொட்டால்தான் காயிலுக்குக் கரண்ட் போகும். அந்தப் பொட்டுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, நடுவில் காகிதத்தைச் செருகி உருவினேன். பொத்தானை அமுக்கினேன். டக்கென்று இரண்டு கையும் துள்ளின. கூடமே அதிர்ந்தது. இவ்வளவுதானா என்று எனக்கு அலட்சியம் வந்தது, அதன் பின்னாலேயே கப்பல் போய்விட்டது என்ற நினைப்பும் வந்தது. உள்ளே ஈரம் அடங்கக் கூடாது என்று பலகையைத் தூக்கி நிறுத்தியபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் சாமியாருக்குக் காட்டலாம் என்று அமுக்கினால், கைகள் படுத்துக் கிடந்தன. மறுபடி களிம்பு. தேய்த்தேன், எழும்பின. அடுத்த நாள் மறுபடி படுத்தன. பொட்டில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தேன். ரேடியோக்காரனுக்கு நாக்கும் ஒரு மீட்டர். உப்பு கரித்தது.

கடற்காற்று என்று நினைத்தேன். கூடத்தின் ஜன்னல்கள் கடலைப் பார்த்தவை. எல்லாவற்றுக்கும் கோணிச் சாக்கை ஆணியடித்து மூடினேன். கோவில் மணி அடிக்கிற கோவில்பிள்ளை என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சாக்கையும் மீறி உப்பு வந்தது, முன்னைவிடக் கூடுதலாகவே வந்தது. எனக்கு என் கையின் மேலேயே நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

"இன்னா நைனா, இன்னிக்காவது எழும்பிச்சா?" என்பாள் சோறு போடும்போது.

"இல்ல. சும்மா கேட்டுக்கினே இருக்காத."

"கோச்சிக்காத. நான் வேண்டிக்கினு தான் கீறேன்," என்று என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைப்பாள். அவள் தட்டில் குழம்பு மட்டும் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை கடை முதலாளி வீட்டில் ஏதோ விசேஷம், கடை திறக்கவில்லை. காலைப் பூசை முடிந்த கையோடு கூடத்துக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அம்மா பெருக்கி முடித்துவிட்டு மெஷின் முன்னால் நின்றாள். இடது கையில் ஓம வாட்டர் பாட்டில். வலது கையில் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைத் துண்டு. ஓலையைப் பாட்டிலுக்குள் விட்டு நனைத்து, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த பலகைக்கு அடியில், நேராக அந்தக் கைகளின் அடிவயிற்றில், சிலுவை அடையாளமாகத் தெளித்தாள். வாய் மாதாவுக்குச் சொல்லும் அருள் நிறைந்த மந்திரத்தை முணுமுணுத்தது. இன்னொரு தரம் தெளித்தாள். எனக்காகத்தான், என் கை வெல்வதற்காகத்தான்.

கோவில் தீர்த்தம். அதை மந்திரிக்கும்போது சாமியார் உப்பை மந்திரித்து அதில் கலப்பார். தொட்டிலில் இருந்த காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடலின் மேல் பழி போட்டவன், இது தோன்றாமல் ஜன்னலுக்குச் சாக்கு அடித்திருக்கிறேன்.

"அம்மா, நிறுத்து" என்று சொல்ல வாயெடுத்தேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் ஒரு நினைப்பு வந்து வாயை அடைத்தது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். அவள் தெளித்துக்கொண்டே இருப்பாள், கைகள் படுத்தே கிடக்கும், திருவிழா வந்துவிடும், வேலை வேறொருவனுக்குப் போகும். ஆணை போட்டவள் அவளே. அவளுடைய ஜெபமே என்னைக் கப்பலில் ஏற்றிவிடும். வந்த வழியே திரும்பினேன், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு வந்த ஒரு வாரத்தில் என்னைப்போல் சுறுசுறுப்பான ஆள் சாந்தோமிலேயே இருந்திருக்க மாட்டான். தினமும் சாயங்காலம் போனேன். தினமும் தேய்த்தேன். போகிறவர் வருகிறவரிடம் கடற்காற்றைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். பலகையைத் திறந்தே விட்டுவிட்டு வந்தேன். கண்ணாடியை மூடிவிட்டு வந்தால் போதும், ஒரு சொட்டு உள்ளே போகாது. மூடவில்லை. ஒவ்வொரு ராச்சோற்றிலும் அவள் கேட்டாள், இல்லை என்றேன். அவள் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. முழங்காலில் நின்று நின்று நடக்கும்போது சாய்ந்தாள். நான் அவள் வைத்த மீனைத் தின்றேன். தொண்டையில் முள் மாட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், மாட்டவில்லை. மீன் நன்றாகவே இருந்தது. வெட்கங்கெட்டவன் என்று என்னையே திட்டிக்கொண்டேன், திட்டிக்கொண்டே தின்றேன்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் எல்லோரும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். பெட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டுப் பாவத்தைச் சொன்னால், அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கிறவர் எங்கள் சாமியார். என்னவென்று சொல்வது? 'சாமி, உங்கள் மெஷின் ஏன் எழும்பவில்லை தெரியுமா' என்றா? நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்தது, முன்னால் நின்ற கிழவர் திரும்பி முறைத்தார். என் முறை வருவதற்குள் வரிசையிலிருந்து நழுவினேன்.

வீட்டில் அம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் குந்தினேன்.

"அம்மா, நீ மெஷினுக்குத் தீர்த்தம் தெளிக்கிறியா?"

வெட்கப்பட்டாள். "பாத்துட்டியா? தெளிச்சா தப்பா நைனா?"

"அதுல உப்பு கீதும்மா. உப்புத் தண்ணி பட்டா பித்தள களிம்பு ஏறும். அதான் எழும்பல."

கையிலிருந்த நெத்திலி அப்படியே நின்றது. "ஐயோ மாதாவே! நானா கெடுத்தேன்? என் கையாலயா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தாள். என் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் மீன்காரியிடம் ஏமாறாதவள்.

"உனுக்கு எப்ப தெரிஞ்சிது?"

"போன வெள்ளிக்கெழம."

"ஒரு வாரமாவா?"

"ஆமா."

"தெளிக்கறத பாத்துட்டு சும்மா வந்துட்டியா?"

அவள் ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம், ஒரு அறை விட்டிருக்கலாம், வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் நெத்திலியை ஆய்ந்து முடித்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அவ்ளோ ஆசயா நைனா உனுக்கு?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மெஷின்முன் உட்கார்ந்தேன். இந்த முறை பாசாங்கு இல்லை. பொட்டுகளைப் பளபளவென்று தேய்த்தேன், தகடுகளை நேராக்கினேன், காயில்களை வெயில் பக்கம் திருப்பி உலர்த்தினேன், தண்டுகளைத் துடைத்தேன். மத்தியானத்துக்குள் கைகள் சொன்ன பேச்சைக் கேட்டன. சாமியார் வந்து ஒரு குண்டு அடித்துப் பார்த்துக் குழந்தைபோலக் கை தட்டினார். "நாளைக்குப் பூசை முடிந்ததும் ஜனங்கள் முன்னால் இதைத் திறந்துவைத்து, வேலை உனக்கு என்று சொல்லிவிடுகிறேன்" என்றார்.

அவர் போனபின் அம்மா வந்தாள். நானே கூப்பிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துப் பொத்தான்கள்மேல் வைத்தேன். குண்டு இறங்கியது. பயந்து இரண்டையும் ஒன்றாக அமுக்கினாள், குண்டு மேலே பறந்து மணியில் மோதியது. "யம்மாடியோ!" என்று கத்தினாள். அப்புறம் விடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குண்டைப் பெயர் சொல்லாத குறையாகத் திட்டிக்கொண்டு ஆடினாள். அப்பா போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் இங்கேயே இருந்துவிடுவேன் என்று அப்போது மனசுக்குள் உண்மையாகவே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே அடிவயிற்றில் கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. அதை அவள் கேட்டிருப்பாளோ என்னவோ, ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாக் கீது நைனா," என்றாள். மேலே கண்ணாடியைச் சொருகி மூடினேன். கூடத்துச் சாவியை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திருவிழாப் பூசை. கோவில் நிறைய ஜனம், ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். சாமியார் கையால் அப்பம் பெற்று நன்மை வாங்கும் நேரம் வந்ததும் எல்லோரும் எழுந்து பீடத்துக் கிராதியை நோக்கிப் போனார்கள். பாவசங்கீர்த்தன வரிசையை விட்டு ஓடி வந்தவன் நான், பாவத்தைச் சொல்லாமல் நன்மை வாங்க முடியாது. முழங்காலிலேயே இருந்தேன். என் வரிசை காலியானது, நான் தனியாகத் தெரிந்தேன். எதேச்சையாக அந்தப் பக்கம் பார்த்தால், பெண்கள் வரிசையும் காலி. அங்கே அம்மா மட்டும் தனியாக முழங்காலில் இருந்தாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் நன்மை வாங்காத ஞாயிறே கிடையாது, திருவிழாவில் சொல்லவே வேண்டாம். பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டாள். மறந்துபோய்க் காலையில் தண்ணீர் குடித்திருப்பாளோ, நோன்பு முறிந்திருக்குமோ என்று நினைத்தேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

பூசை முடிந்ததும் ஜனங்களுக்கு முன்னால் கூடத்துக்கு ஓடினேன். பிளக்கைச் சொருகினேன். விளக்கு எரிந்தது, வெள்ளைக்காரி பல்லைக் காட்டினாள். பொத்தானை அமுக்கினேன். கைகள் எழும்பவில்லை. மறுபடி அமுக்கினேன். கண்ணாடி சரியாகச் சொருகப்படாமல் ஒரு விரல் இடைவெளி விட்டுத் துருத்திக்கொண்டிருந்தது. உருவிப் பலகையைத் தூக்கினேன். காயில்கள் சொதசொதவென்று நனைந்திருந்தன. பொட்டுகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இது ஓலையால் தெளித்தது இல்லை, பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றியது. விரலைத் தொட்டு நாக்கில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் வைத்தேன்.

அறிந்தே செய்திருக்கிறாள். தீர்த்தத்தை இப்படிச் செய்வது பாவம் என்று அறிந்து, விடியற்காலையில் பெருக்க வந்தவள், செய்துவிட்டுப் போய் அதற்கான தண்டனையையும் தானே விதித்துக்கொண்டு முழங்காலில் நின்றிருக்கிறாள்.

ஜனங்கள் கூடத்துக்குள் வந்தார்கள். சாமியார் அங்கியைக் கழற்றிவிட்டு வேர்வையோடு வந்தார். அம்மா கடைசியாக வந்து கதவை ஒட்டி நின்றாள். அரை மணி நேரம் கொடுங்கள் சாமி என்றால் கொடுத்திருப்பார். துடைத்து, வெயிலில் காட்டி, பொட்டைத் தேய்த்து, ஃபியூஸ் மாற்றினால் முடிந்தது. ஃபியூஸ் சட்டைப் பையில் இருந்தது. துடைக்கிற துணி கால்சட்டைப் பையில் இருந்தது, அதன்மேல்தான் என் கையும் இருந்தது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேற்று எழும்பியதே தம்பி?" என்றார் சாமியார்.

"எழும்பிச்சு சாமி. இந்தக் கடக்காத்துக்கு நிக்காது. நம்மால ஆகாது."

யாரோ சிரித்தார்கள். சாமியார் முகம் விழுந்துவிட்டது. "சரி, மூடி வை" என்று மட்டும் சொன்னார். நான் பலகையை இறக்கி, கண்ணாடியைச் சொருகி, பிளக்கைப் பிடுங்கினேன்.

வீட்டுக்குப் போகும்போது அம்மா எனக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். வழியெல்லாம் ராட்டினமும் பலூனும் கூச்சலும். முனை திரும்பியதும், திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"கப்பலு என்னிக்கின்னு சொன்ன?"

சொன்னேன்.

"அப்ப ஒரு பெட்டி வாங்கணும். உன் பட்டாளத்துப் பெட்டிக்குப் பூட்டு இல்ல."

நான் சரி என்றேன். பையில் கை மறுபடி அந்தத் துணியின் மேல் போயிருந்தது. துணி காய்ந்தே இருந்தது.